சுவீடனில் தனி உதவியாளர் உரிமை: இருபது மணி நேர எல்லை தீர்மானிக்கும் வாழ்க்கை

சுவீடனின் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் குழம்பிப்போவது இயல்பு. உலகிலேயே தாராளமான உதவிச் சட்டங்களில் ஒன்று அங்கே இருக்கிறது என்கிறது ஒரு செய்தி. கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர், குழாய் வழியாக உணவு பெறும் குழந்தை, இடைவிடாமல் வலிப்பு வரும் இளைஞர் ஆகியோரின் உதவி பறிக்கப்பட்டது என்கிறது இன்னொன்று. இரண்டுமே உண்மைதான். சட்டம் ரத்தாகவில்லை, அதன் நோக்கத்தை வரையறுக்கும் பிரிவுகளை யாரும் தொடவும் இல்லை. அப்படியிருந்தும் அரசின் உதவித்தொகை பெறுவோர் எண்ணிக்கை 2015இல் சுமார் 16,000 என்ற உச்சத்தைத் தொட்டு, 2020க்குள் 14,000க்கும் கீழே இறங்கியது. இது எப்படி நடந்தது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சட்டம் தரும் வாக்குறுதி

எல்.எஸ்.எஸ். எனப்படும் இந்தச் சட்டம் 1993இல் நிறைவேறி, 1994 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று பிரிவினருக்கு இது பொருந்தும்.

1. அறிவுசார் குறைபாடு அல்லது ஆட்டிசம் உள்ளவர்கள்.
2. வளர்ந்த பிறகு விபத்தாலோ நோயாலோ மூளை பாதிக்கப்பட்டு, அதனால் நிலையான அறிவுசார் குறைபாடு அடைந்தவர்கள்.
3. முதுமையின் இயல்பான தளர்ச்சியால் அல்லாமல், வேறு நிரந்தரமான உடல் அல்லது மனக் குறைபாட்டால் அன்றாட வாழ்வில் பெரும் சிரமப்பட்டு, விரிவான உதவி தேவைப்படுபவர்கள்.

இவர்களுக்குப் பத்து வகை உதவிகளைச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. வெளியே செல்லத் துணை, பெற்றோருக்கு ஓய்வு தரும் மாற்று ஏற்பாடு, குறுகிய காலத் தங்கல், ஊழியர் உள்ள குடியிருப்பு, பகல்நேரப் பணி ஆகியவை அவற்றில் சில. ஏதாவதோர் உதவியை இச்சட்டத்தின்கீழ் பெறுவோர் 75,000க்கும் மேல். ஆனால் சர்ச்சை முழுவதும் ஒரே ஓர் உதவியைச் சுற்றியே நடக்கிறது. அதுதான் தனி உதவியாளர், அதாவது அன்றாடக் காரியங்களில் உடனிருந்து உதவ ஒருவருக்கென்றே அமர்த்தப்படுபவர்.

சுவீடனின் பொதுவான சமூகசேவைச் சட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் ‘நியாயமான வாழ்க்கைத் தரத்தை’ உறுதி செய்கிறது. எல்.எஸ்.எஸ். அதைவிட ஒரு படி மேலே போய், ‘நல்ல வாழ்க்கைச் சூழலை’ உறுதி செய்கிறது. மற்றவர்கள் வாழ்வதைப் போலவே வாழும் வாய்ப்பைத் தன் நோக்கமாக அறிவிக்கிறது. முதல் சட்டத்தின்படி ஒருவர் பட்டினியின்றி, சுத்தமாக, பாதுகாப்பாக இருந்தால் உள்ளாட்சியின் கடமை பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டாவதன்படி அவர் வேலைக்குப் போகவும், பிள்ளைகளை வளர்க்கவும், இரவு பதினொரு மணிக்கு நண்பர் வீட்டிலிருந்து திரும்பவும் முடிய வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், ‘உதவியே இல்லாமல் யாரையும் விட்டுவிடவில்லையே’ என்று அதிகாரிகள் சொல்வதன் உண்மையான எடை நமக்குப் புரியாது.

இந்த உரிமை யாருடைய கோரிக்கை

சுவீடனின் நலவாழ்வு அரசுக்கு இருண்ட பக்கங்களும் உண்டு. லுண்ட் நகரின் விபேஹோல்ம் மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1940களின் பிற்பகுதியில், பற்சொத்தை எப்படி உண்டாகிறது என்று அறிவதற்காகவே பல்லில் ஒட்டும் இனிப்புகளைத் தொடர்ந்து கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அப்படிப்பட்ட பெரிய விடுதிகளை மூடும் வேலை பல பத்தாண்டுகள் நீடித்தது. எஞ்சியவற்றையும் 1999 இறுதிக்குள் மூட வேண்டும் என்று 1997இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

உடல் ஊனமுற்றவர்களுக்கு 1960களில் ‘ஃபோக்குஸ்’ என்ற பெயரில் குடியிருப்புகள் வந்தன. தனி வீடு கிடைத்தது. கூப்பிட்டால் பொதுவான ஊழியர் ஒருவர் வருவார். விடுதி வாழ்வோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. ஆயினும் உதவி அந்தக் கட்டடத்தோடு கட்டுண்டு கிடந்தது. யார் வந்து குளிப்பாட்டுவது, எப்போது எழுவது, எப்போது படுப்பது என்பதையெல்லாம் ஊழியர் அட்டவணைதான் முடிவு செய்தது.

இந்த இடத்தில்தான் அடால்ஃப் ராட்ஸ்கா வருகிறார். ஜெர்மனியில் பிறந்தவர், பதினேழு வயதில் போலியோ தாக்கியது. வெளியே வாழ வசதியான வீடும் உதவியும் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஐந்து ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தார். பிறகு கலிஃபோர்னியாவுக்குப் படிக்கச் சென்றார். அங்கே உதவித்தொகையைக் கொண்டு தாமே உதவியாளர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தார். 1970களில் ஆய்வுப் பணிக்காக சுவீடனுக்கு வந்தவர், 1984இல் ஸ்டாக்ஹோமில் ‘ஸ்டில்’ என்ற கூட்டுறவு அமைப்பை உருவாக்கினார். உதவி பெறுபவர்களே அதன் உறுப்பினர்கள், அவர்களே முதலாளிகள். உள்ளாட்சி வீட்டு உதவிக்குச் செலவிட்டுவந்த பணத்தை உரியவரிடமே கொடுத்துவிட வேண்டும், யாரை வேலைக்கு வைப்பது, என்ன வேலை, எப்போது, எப்படி என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. 1987இல் சோதனை முறையில் அது தொடங்கியது. 2024இல் மறைந்த ராட்ஸ்கா, சுவீடனின் சட்டம் உருவானதையும் அது சுருங்கியதையும் நேரில் கண்டவர்.

அந்தச் சோதனையைத் தேசிய உரிமையாக்கியவர் சமூக நல அமைச்சராக இருந்த பெங்ட் வெஸ்டர்பெர்க். சுவீடன் 1990களின் தொடக்கத்தில் கடுமையான பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்தது. வங்கிகள் தள்ளாடின, வேலையின்மை ஏறியது. அந்த நேரத்தில்தான் இச்சட்டம் நிறைவேறியது. பிற்காலத்தில் ‘நாட்டுக்குக் கட்டுப்படியாகாது’ என்று பேசப்பட்டபோதெல்லாம் இயக்கத்தினர் இந்த வரலாற்றை எடுத்துக்காட்டினார்கள். அது வலுவான பதில் என்றே நானும் கருதுகிறேன்.

பணம் தருவது யார்

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கும். தேவைகளைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது.

அ) அடிப்படைத் தேவைகள்: உடல் சுத்தம், உடை உடுத்தலும் களைதலும், உணவு உட்கொள்ளல், பிறருடன் தொடர்புகொள்ளல், ஒருவரைப் பற்றிய ஆழ்ந்த அறிவு இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய பிற உதவி. பழைய சட்டவாசகத்தில் இருந்த ஐந்து இவை.

ஆ) பிற தேவைகள்: சமையல், வீட்டு வேலை, கடைக்குப் போவது, அலுவலகம், பயணம், பிள்ளை வளர்ப்பு, பொழுதுபோக்கு.

அடிப்படைத் தேவைகளுக்கு மட்டும் வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரத்துக்கு மேல் உதவி தேவை என்று நிறுவினால், ஃபோர்சேக்ரிங்ஸ்காசன் எனும் அரசின் சமூகக் காப்பீட்டு முகமை பொறுப்பேற்கும். அப்போது பிற தேவைகளுக்கான நேரமும் சேர்ந்தே கிடைக்கும். அடிப்படைத் தேவை 21 மணி, பிற தேவை 60 மணி என்றால் மொத்தம் 81 மணி. இருபதைத் தாண்டாவிட்டால் விண்ணப்பம் அவர் வாழும் உள்ளாட்சியிடமே நின்றுவிடும். அத்தகைய உள்ளாட்சிகள் சுவீடனில் 290. தாண்டியவர்களின் விஷயத்திலும், 1997 முதல், முதல் 20 மணி நேரச் செலவு உள்ளாட்சியுடையதே.

ஆகவே இருபது மணி என்பது முழு உரிமைக்குமான நுழைவாயில். அதில் ஐந்து நிமிடக் குறைவு ஐந்து நிமிட இழப்போடு நிற்பதில்லை.

பணம் மணிக் கணக்கில், நாடு முழுவதும் ஒரே விகிதத்தில் கொடுக்கப்படுகிறது. 2020களில் அது மணிக்கு 300 குரோனாவைத் தாண்டியது. உரியவர் உள்ளாட்சியையோ, ‘ஸ்டில்’ போன்ற கூட்டுறவையோ, தனியார் நிறுவனத்தையோ உதவி வழங்குநராகத் தேர்ந்தெடுக்கலாம். தாமே முதலாளியாகவும் இருக்கலாம். உதவி பெறுபவர் கட்டணம் எதுவும் செலுத்துவதில்லை. விண்ணப்பிக்கும்போது, நெடுங்காலம் 65 ஆக இருந்த வயது வரம்பைத் தாண்டியிருக்கக் கூடாது. அதற்கு முன்பே பெற்றவர் 2001 முதல் அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம்.

நிமிடக் கணக்கு எப்படி வாழ்க்கையை மாற்றுகிறது

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தசைநோய் உள்ள, அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியவை:

1. குளியல், கழிப்பறை, பல் துலக்கல்: 60 நிமிடம்.
2. உடை: 35 நிமிடம். இதில் உடலை ஒட்டிய உடைகளுக்கு 20. குளிர்கால மேலங்கி, காலணி, கையுறை ஆகியவற்றுக்கு 15.
3. உணவு: 90 நிமிடம். இதில் கரண்டியை வாய்க்குக் கொண்டுசெல்ல 40. தட்டில் எடுத்து வைக்க, நறுக்க, அவர் மென்று விழுங்கும்வரை பக்கத்தில் இருக்க 50.

மொத்தம் நாளுக்கு 185 நிமிடம். வாரத்துக்கு 21 மணி 35 நிமிடம். அவர் எல்லையைத் தாண்டிவிட்டார்.

இப்போது மேலங்கியும் காலணியும் அந்தரங்கமானவை அல்ல, உணவை நறுக்குவதும் அந்தரங்கமானதல்ல என்று ஒரு விதி வந்தால், எஞ்சுவது 60, 20, 40. ஆக 120 நிமிடம். வாரத்துக்கு 14 மணி. அவருடைய உடல் மாறவில்லை, வீடு மாறவில்லை, வேலை மாறவில்லை. ஆனால் அரசின் உதவி முழுவதும் போய்விட்டது. அலுவலகம் போகும் நேரம், மளிகை வாங்கும் நேரம், அக்காவைப் பார்க்கப் போகும் நேரம் எல்லாம் அதோடு சேர்ந்து போகின்றன. மைனஸ் பதினைந்து டிகிரியில் மேலங்கி இல்லாமல் வெளியே போக முடியாது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

நாடாளுமன்றம் வாக்களிக்காமல் நடந்த மாற்றம்

அந்த விதி எப்படி வந்தது? படிப்படியாகத்தான்.

1. 1996இல் நாடாளுமன்றமே அடிப்படைத் தேவைகளைச் சட்டத்தில் வரையறுத்தது. செலவைக் கட்டுக்குள் வைப்பதே அதன் பின்னணி. அப்போது நடைமுறை பெரிதாக இறுகவில்லை.

2. 2009இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஒரு வழக்கில், மிக அந்தரங்கமான, ஒருவரின் தன்மானத்தைத் தொடக்கூடிய உதவி மட்டுமே அடிப்படைத் தேவையாகும் என்றது. வழக்கு உணவு பற்றியது. சமூகக் காப்பீட்டு முகமையோ அந்த அளவுகோலை மற்றத் தேவைகளுக்கும் விரித்தது. மேலே கண்ட மேலங்கிக் கணக்கு பிறந்தது இப்படித்தான்.

3. 2015இல் அதே நீதிமன்றம், ஐந்தாவது தேவையான ‘ஆழ்ந்த அறிவு வேண்டும் உதவி’ மனநலம் சார்ந்த குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது என்று தீர்ப்பளித்தது. வலிப்பு, மூச்சுத்திணறல் போன்ற காரணங்களுக்காக யாராவது இடைவிடாமல் அருகில் இருக்க வேண்டியவர்கள் இதனால் வெளியே தள்ளப்பட்டார்கள்.

4. 2016ஆம் ஆண்டுக்காக அரசு தன் முகமைக்கு அனுப்பிய ஆணைக் கடிதத்தில், உதவி மணிநேரங்கள் பெருகும் போக்கை முறிக்கப் பங்களிக்குமாறு எழுதியது. உரிமையைச் சட்டம் வரையறுக்கும்போது, அதன் அளவைக் குறைக்குமாறு நிர்வாகத்திடம் சொல்வது எவ்வளவு அபாயமானது என்பது விரைவில் தெரிந்தது. கண்டனங்களுக்குப் பின் அந்த வரி நீக்கப்பட்டது.

5. 2017இல் வந்த இன்னொரு தீர்ப்பு, காத்திருப்பு நேரத்தையும் பயணங்களையும் தொட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மறு ஆய்வில் பெருந்திரளானோர் உதவியை இழக்கக்கூடும் என்ற அச்சம் பரவியது. நாடாளுமன்றம் அவசரமாக, 2018 ஏப்ரல் 1 முதல், அந்த மறு ஆய்வை நிறுத்திவைத்தது.

ஏற்கெனவே பெற்றுவந்தவர்கள் ஓரளவு மூச்சுவிட்டார்கள். புதிதாக விண்ணப்பித்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த ஆண்டுகளில் அவர்களில் ஐந்தில் நான்கு பேரளவில் மறுக்கப்பட்டார்கள். ஒரே நோய், ஒரே தேவை உள்ள இருவரில் 2005இல் விண்ணப்பித்தவருக்கு முழு வாழ்க்கையும், 2017இல் விண்ணப்பித்தவருக்கு மறுப்புக் கடிதமும் கிடைத்தன. மறுப்பை எதிர்த்து நிர்வாக நீதிமன்றம் போகலாம். அதற்கு மேல்முறையீடு செய்யத் தனி அனுமதி வேண்டும். கையை அசைக்க முடியாதவர் தன் நாளை நிமிட நிமிடமாக எழுதி, தான் எவ்வளவு நேரம் கழிப்பறையில் இருக்கிறேன் என்று அந்நியர்களுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொன்ன அளவுகோல் நடைமுறையில் அந்தரங்கத்தைத்தான் முதலில் கேட்டது.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2014இலேயே இதைச் சுட்டிக்காட்டியது. 2010 முதல் தேவைகளுக்குத் தரப்படும் புதிய விளக்கத்தால் பலர் அரசு உதவியை இழந்திருப்பது கவலைக்குரியது என்றது. சுவீடன் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2008இல் உறுதிசெய்த நாடு. சுதந்திரமாக வாழும் உரிமையைச் சொல்லும் அதன் 19ஆம் பிரிவு சுவீடனை முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டமாக மாற்றப்படவில்லை. எனவே நீதிமன்றங்கள் நேரடியாக அதைக் கொண்டு தீர்ப்பளிப்பதில்லை.

செலவும் மோசடியும் என்ற இரண்டு வாதங்கள்

அரசின் பக்கத்து வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1990களின் நடுவில் ஒருவருக்குச் சராசரியாக வாரத்துக்கு 70 மணிக்கும் குறைவாக இருந்த உதவி, 2010களின் நடுவில் 125 மணியைத் தாண்டியது. மொத்தச் செலவு ஆண்டுக்கு 3,000 கோடி குரோனாவை நெருங்கியது. எந்த நிதியமைச்சரும் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்த வளர்ச்சியின் ஒரு பகுதி, விடுதிகள் மூடப்பட்டதாலும், முன்பு குழந்தைப் பருவத்திலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் மருத்துவ முன்னேற்றத்தால் வாழ்வதாலும் வந்தது. அது திட்டத்தின் தோல்வி ஆகாது.

மோசடியும் இருந்தது. இல்லாத குறைபாட்டைக் காட்டிய வழக்குகளும், வேலை செய்யாத உதவியாளருக்குக் கணக்கு எழுதிய நிறுவனங்களும் நீதிமன்றம் வரை வந்தன. அதற்கான மருந்து, உதவி வழங்கும் நிறுவனங்களுக்கு 2011இல் கொண்டுவரப்பட்ட உரிமமும் தொடர் மேற்பார்வையும். உண்மையான தேவை உள்ள ஒருவரின் உணவு நேரத்தை நறுக்கினால் எந்த மோசடிக்காரரும் பிடிபட மாட்டார். அரசியல் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலக்கப்பட்டது பெரும் அநீதி.

மிச்சப்பட்ட பணம் எங்கே போகிறது

அரசின் கணக்கில் குறைந்த செலவு காணாமல் போவதில்லை. அது மூன்று இடங்களுக்கு நகர்கிறது.

முதலாவது, உள்ளாட்சி. அது எல்.எஸ்.எஸ். படியே தனி உதவியாளரைக் குறைந்த மணிநேரத்துக்குக் கொடுக்கலாம். அல்லது சமூகசேவைச் சட்டத்தின்கீழ் முதியோருக்குத் தருவது போன்ற வீட்டு உதவியைத் தரலாம். இரண்டாவது வழியில் கட்டணம் உண்டு. முகம் தெரியாத பலர் மாறி மாறி வருவார்கள், நேரமும் அவர்களுடையது. ஃபோக்குஸ் காலத்துக்கே திரும்பிச் செல்வது போன்றது இது. உதவியாளருக்குப் பதிலாக ஊழியர் உள்ள கூட்டுக் குடியிருப்பில் சேருமாறும் சிலரிடம் சொல்லப்படுகிறது.

இரண்டாவது, குடும்பம். வளர்ந்த மகனைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலை மீண்டும் அம்மாவிடம் வருகிறது. அவர் வேலை நேரத்தைக் குறைக்கிறார், ஓய்வூதியமும் குறைகிறது. இது எந்த அரசுக் கணக்கிலும் உதவித் திட்டத்தின் செலவாகப் பதிவாவதில்லை.

மூன்றாவது, உரியவர் கைவிடும் காரியங்கள். வேலை, படிப்பு, மாலை நேரம்.

இரண்டு அரசுப் பணப்பைகள் இருக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் மற்றதன் பக்கம் ஆளைத் தள்ளிவிடும் காரணம் இருந்துகொண்டே இருக்கும். பணக்காரத் தலைநகரில் வாழ்பவரும், மக்கள்தொகை சுருங்கிவரும் வடபகுதிச் சிற்றூரில் வாழ்பவரும் ஒரே சட்டத்தின்கீழ் வெவ்வேறு வாழ்க்கை பெறுவதும் இதனால்தான்.

திருத்தங்கள்

நீதிமன்ற விளக்கத்தை மாற்ற நாடாளுமன்றம் சட்டத்தையே துண்டு துண்டாகத் திருத்த வேண்டியிருந்தது. மூச்சுவிடுவதற்கான உதவி முழுவதும் அடிப்படைத் தேவையாகக் கணக்கிடப்படும் என்று 2019 நவம்பர் 1 முதலும், குழாய் வழி உணவும் அவ்வாறே என்று 2020 ஜூலை 1 முதலும் விதி வந்தது. இதில் வருத்தம் தருவது, ஒருவர் மூச்சுவிடுவது அடிப்படைத் தேவையா என்று ஒரு நாடாளுமன்றம் வாக்களிக்கும் நிலை வந்தது என்பதே.

2023 ஜனவரி 1இல் இன்னும் விரிவான திருத்தம் வந்தது. மனநலம் சார்ந்த குறைபாடு உள்ளவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாதபடி தடுக்கும் உதவியும், உயிருக்கு ஆபத்தான மருத்துவ நிலை உள்ளவருக்கு நாளின் பெரும்பகுதி தேவைப்படும் உதவியும் அடிப்படைத் தேவைகளாயின. 2015 தீர்ப்பு உண்டாக்கிய ஓட்டையில் ஒரு பகுதியை இது அடைத்தது. குழந்தைகள் விஷயத்திலும் மாற்றம் வந்தது. எந்தப் பெற்றோரும் செய்யக்கூடிய கவனிப்பு என்று எவ்வளவு நேரத்தைக் கழிப்பது என்பதை முன்பு ஒவ்வோர் அதிகாரியும் தனித்தனியாக முடிவு செய்தார். இப்போது வயதுக்கேற்ற நிலையான கழிவு உண்டு.

அண்டை நாடுகள்

நார்வே 2015 ஜனவரி 1இல்தான் இதைச் சட்ட உரிமையாக்கியது. அங்கே உள்ளாட்சியே பொறுப்பு, பொதுவாக 67 வயதுக்குட்பட்ட, பெரிய அளவில் உதவி தேவைப்படுபவர்களுக்கே உரிமை. பின்லாந்து 2009இல் தனி உதவியாளரைச் சட்ட உரிமையாக்கியது. ஆனால் தமக்கு என்ன உதவி வேண்டும் என்பதை உரியவரே தீர்மானிக்க இயல வேண்டும் என்ற நிபந்தனை, அறிவுசார் குறைபாடு உள்ள பலரை வெளியே நிறுத்தியது. அங்கே புதிய ஊனமுற்றோர் சேவைச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. சுவீடனின் சட்டம் இவ்விரண்டையும்விட முந்தையது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைத் தன் முதல் பிரிவிலேயே வைத்தது.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்

தனி உதவியாளர் திட்டம் முழுவதையும் அரசே ஏற்பது பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை 2023இல் வந்தது. அது நிறைவேறினால் இரண்டு பணப்பைகள் ஒன்றாகும். அரசுக்கும் உள்ளாட்சிக்கும் இடையிலான எல்லைக் கோடாக இருபது மணிக்கு வேலை இருக்காது. உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும் தரமும் குறையும். ஆனால் எந்த நிமிடம் அடிப்படைத் தேவை, எது அல்ல என்ற கேள்வி அதனால் மட்டும் மறைந்துவிடாது. ஒரே முகமை முடிவு செய்யும்போது, அதன் விளக்கம் இறுகினால், தப்பிச் செல்ல வேறு கதவும் இருக்காது. ஆகவே அரசு பொறுப்பேற்கும் சட்டமுன்வரைவு வரும்போது, அதில் தேவைகளை வரையறுக்கும் பிரிவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். பணத்தை யார் தருகிறார்கள் என்ற பிரிவை அதற்குப் பிறகு படிக்கலாம்.